நாலை ஆறாக உயர்த்தினான்

பெட்டிகளைப் பேச வைப்பது என் பிழைப்பு. திண்டுக்கல்லிலிருந்து தாடிக்கொம்பு, சின்னாளப்பட்டி, அதற்கும் அப்பால் தோட்டங்களுக்கு நடுவே தனியாக நிற்கிற வீடுகள்வரை இணைய இணைப்புக் கொடுக்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் இருக்கிறேன். கம்பத்திலும் மொட்டை மாடியிலும் தண்ணீர்த் தொட்டி உச்சியிலும் நாங்கள் கட்டி வைத்திருக்கிற பெட்டிகள், தங்களுக்கு என்ன நேர்ந்தது என்று அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அந்தச் செய்தியை அனுப்புகிற மென்பொருளை எழுதியவன் நான். வயர் கழன்றால் சொல்லும். சூடு ஏறினால் சொல்லும். யாராவது உள்ளே நுழைந்து எதையாவது மாற்றினால், மாற்றியது யார், எதை, எப்போது என்று சொல்லும். பன்னிரண்டு வருடமாக இதே வேலை. பெட்டி பொய் சொல்லாது என்று பன்னிரண்டு வருடமும் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருந்தேன். கடைசிவரை பெட்டி பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் எனக்கு ஆறாத விஷயம்.

முதலாளியை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். குடும்பத் தொழில் தோல். எங்கள் அலுவலகம் ஒரு காலத்தில் தோல் அடுக்கிய கிட்டங்கி. தோலுக்குத் தடவிய உப்பு இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை. சுண்ணாம்பைப் பொரியப் பொரிய உதிர்க்கும், புதுத் திருகாணியை ஒரு மழைக்காலத்தில் தின்றுவிடும். அந்த உப்புச் சுவருக்குக் கீழே, ஒரே மேசையின் இரு பக்கம், நானும் என் கூட்டாளியும். அவனுக்கு வெளிவேலை: ஏறுவது, கட்டுவது, மாற்றுவது. எனக்கு உள்வேலை. உறவு முறை எதுவும் கிடையாது. ஆனாலும் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவன் எனக்கு மாப்ள, நான் அவனுக்கு மாப்ள. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அவன் கேரியரில் கொண்டுவரும் வெஞ்சனத்தில் பாதி என் தட்டில்தான் விழும்.

ஆரம்பத்தில் பெட்டிகளை நான் வாக்கியமாகப் பேச விட்டிருந்தேன். எழுதுகிற ஆசை உள்ளவனிடம் வேலையைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். 'தொட்டியின் மேல் காற்று என்னை உலுக்குகிறது, குரல் விட்டு விட்டுக் கேட்கிறது' என்று ஒரு பெட்டி சொல்லும். 'நெடுநேரமாக வெயிலில் நிற்கிறேன்' என்று இன்னொன்று. தேடினால் கிடைக்காது, எண்ணினால் வராது, ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. கூட்டாளி ஒருநாள் வெளியிலிருந்து திரும்பி, முகத்தைத் துடைத்துக்கொண்டே, வோல்டேஜ் எம்புட்டுன்னு கேட்டா ஒன் பெட்டி ஒப்பாரி வைக்குது மாப்ள என்றான். சிரித்தேன். வெட்கமாகவும் இருந்தது. அந்த வாரமே உட்கார்ந்து எல்லாவற்றையும் கட்டம் கட்டமாகப் பிரித்தோம். நேரம், இடம், நிகழ்வு, அளவு, செய்தவர். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், பெயருக்கு எதிரே ஒரு மதிப்பு. அழுகை கிடையாது, உவமை கிடையாது.

*நிலை=4 இடம்=தொட்டி நிகழ்வு=பேட்டரி_தளர்வு வோல்ட்=11.4*

இதில் முதலில் நிற்கிற 'நிலை' என்பதைச் சொல்லிவிட வேண்டும். செய்தி எவ்வளவு அவசரம் என்பதற்கான எண் அது. உலகம் முழுக்க இந்தத் தொழிலில் ஒரே வழக்கம்தான்: பூஜ்யத்திலிருந்து ஏழுவரை எட்டு நிலை. எண் சின்னதாக ஆக ஆபத்து பெரிது. பூஜ்யம் என்றால் எல்லாம் போனது. ஏழு என்றால் பெட்டி தனக்குத்தானே பேசிக்கொள்கிறது. நாலும் அதற்குக் கீழும் வந்தால் பாயின் கைபேசி மணியடிக்கும். அஞ்சும் அதற்கு மேலும் வந்தால் சத்தமில்லாமல் அலுவலகக் குறிப்பில் போய் விழும். இந்த எட்டுக்கும் தமிழில் பெயர் வைத்தவன் என் கூட்டாளிதான். பூஜ்யத்துக்கு 'சோலி முடிஞ்சது'. ஒன்றுக்கு 'ஓடியா'. நாலுக்கு 'பாத்துக்க'. ஆறுக்கு 'சும்மா தகவல்'. ஏழுக்கு 'பொலம்பல்'. மத்தியானச் சோற்றுக்கு நடுவே, விரலில் ஒட்டிய பருக்கையோடு அவன் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். எந்த எண் எந்தப் பக்கம் கனம் என்று அந்த அலுவலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அந்த இரண்டு பேரில் அவன் ஒருவன்.

தாடிக்கொம்பு பக்கம் ஒரு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. அதன் உச்சியில் எங்கள் பெட்டி ஒன்று, அதற்கொரு பேட்டரி. அங்கிருந்துதான் சுற்றி இருக்கிற ஊர்களுக்கு இணைப்பு பிரியும். தொட்டியின் காலில் பதித்த இரும்புப் படிகளில் ஏற வேண்டும். எனக்கு ஏழாவது படியிலேயே தொடை நடுங்கும். அதற்கு மேல் போனதில்லை. அவன் ஏறுவான். துண்டில் சாமானை முடிந்து முதுகில் கட்டிக்கொண்டு, படியைப் பார்க்காமலே, ஏதோ வீட்டுப் பரணுக்கு ஏறுகிறவன்போல ஏறுவான். மேலே போனதும் கைபேசியில் கூப்பிட்டு, சிறுமலையில் மேகம் இறங்கியிருக்கு, மலைக்கோட்டை ஒரு மண்ணாங்கட்டி மாதிரி கெடக்கு, நீ எறும்பு மாதிரி இருக்க என்பான். அவன் கண்ணால்தான் எங்கள் சமவெளியை நான் மேலிருந்து பார்த்திருக்கிறேன்.

போன பங்குனியில் அந்தப் பேட்டரி தளர ஆரம்பித்தது. பெட்டி சொன்னது. நிலை நாலு, நிலை நாலு என்று தினம் தினம் சொன்னது. பாயின் கைபேசி தொழுகைக்குப் போகும்போதும் கல்யாண வீட்டிலும் அடித்தது. கூட்டாளி போய் மாற்றிவிட்டதாகச் சொன்னான். மணி நின்றது. நானும் அதோடு மறந்துபோனேன்.

ஆடி மாதம், மின்வாரியத்தின் பராமரிப்பு நாள். காலை ஒன்பதுக்குக் கரண்டை நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும் என்று எல்லோருக்கும் தெரியும், அதற்காகத்தான் பேட்டரி. அதே நாளில் அந்தப் பக்கத்துக் கணினி மையம் ஒன்றில் வேலைக்கான இணையத் தேர்வு. மையத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தொட்டிப் பெட்டி மட்டும் அரை மணி நேரத்தில் கண்ணை மூடியது. ஒரு கூடம் நிறையப் பெண்கள், கேள்வி பாதியில் நின்ற திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மறு தேதிக்கு எழுதிக் கேட்பதாக மையத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதில் ஒரு பெண் நேராக எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். மல்லிகைத் தோட்டத்து வீட்டுப் பெண். விடியுமுன் பூப்பறித்துவிட்டு வந்தவள் என்று பச்சைக்கறை படிந்த நகங்கள் சொல்லின. சண்டை பிடிக்கவில்லை. அனுமதிச் சீட்டை மடித்துப் பிடித்தபடி என் மேசைக்கு முன்னால் நின்றாள். எனக்கு வயசு வரம்பு இதோட முடியுதுண்ணே என்றாள். பிறகு கேட்டாள்.

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியாதா?"

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். தெரிந்திருந்தால் ஏன் இப்படி ஆனது என்பதற்குப் பதில் இல்லாததால் மூடிக்கொண்டேன்.

அன்று மத்தியானம் பாய் எங்கள் இருவரையும் மாடிக்குக் கூப்பிட்டார். கேள்வி ஒன்றுதான். பெட்டி முன்கூட்டிச் சொன்னதா, இல்லையா? சொல்லவில்லை என்றால் என் மென்பொருள் உதவாது. அதைக் கழற்றிவிட்டு வெளியூர்க்காரர்களுடையதைப் போடலாம் என்று ஏற்கனவே ஒருமுறை சொல்லியிருந்தார். கழற்றினால் என்னையும் சேர்த்துத்தான். நாற்பத்தெட்டு வயதில் இன்னொரு கதவைத் தட்ட எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

என் போனுக்கு ஒண்ணும் வரலியே தம்பி என்றார் பாய். குரலில் கோபத்தைவிட அலுப்பு. நான் மடிக்கணினியைத் திறந்து தொட்டியின் செய்திகளைத் தேடினேன். வந்திருந்தன. ஒருநாள் தவறாமல் வந்திருந்தன. பேட்டரி தளர்வு, பேட்டரி தளர்வு, பேட்டரி தளர்வு. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் நாலு இல்லை, ஆறு. பெட்டி அதே செய்தியைத்தான் கத்தியிருக்கிறது. யாரோ அதன் வாயில் துணியை அடைத்திருக்கிறார்கள். யாரோ எச்சரிக்கையைக் குறைத்துவிட்டார்கள் பாய் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் இருவரைத் தவிர அந்த எண்ணை மாற்றுகிற சாவி யாரிடமும் கிடையாது.

பாய் அவன் பக்கம் திரும்பினார். எச்சரிக்கையைக் கொறச்சியா என்று கேட்டார்.

"கொறைக்கல பாய். நாலா இருந்தத ஆறா உயர்த்தித்தான் வச்சிருக்கேன்."

எவ்வளவு நிதானமாகச் சொன்னான். அதைச் சொல்லும்போது பாயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். இரக்கமும் இல்லை, கெஞ்சலும் இல்லை அந்தப் பார்வையில். படியில் அடுத்த கால் எங்கே வைப்பது என்று பார்க்கிறவனின் பார்வை. அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நாலு ஆறாகத்தான் ஆகியிருந்தது. ஆறு நாலைவிடப் பெரிதுதான்.

நான் பதறிப் பதறி விளக்கினேன். சின்ன எண்தான் பெரிய ஆபத்து, பூஜ்யம்தான் எல்லாவற்றுக்கும் மேல், ஆறு என்றால் வெறும் தகவல், அது உங்கள் கைபேசிக்கு வராது என்றேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே அது வழுக்குகிறவன் பேச்சாகக் கேட்டது. பாய் விரலை மடக்கி ஏதோ எண்ணுவதுபோலப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எந்த ஊர்ல தம்பி ஆறு நாலை விடச் சின்னது?"

கூட்டாளி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். உலக வழக்கத்தை மாப்ள சொல்றாப்ல பாய், எனக்கு அம்புட்டு வெவரம் தெரியாது என்று மட்டும் சொன்னான். 'சும்மா தகவல்' என்று பெயர் வைத்த வாய். பருக்கை ஒட்டிய விரல். அம்புட்டு விவரம் தெரியாதாம்.

நாளைக் காலைக்குள் எழுதிக் கொடு என்றார் பாய். பெட்டி எச்சரிக்கை தரவில்லை என்று தேர்வு மையத்துக்கு நான் எழுதித் தர வேண்டும். படியிறங்கும்போதுதான் எனக்குத் தோன்றியது, வகுப்பில் ரேங்க் மாதிரி என்று சொல்லியிருக்கலாமே. மொத ரேங்க் பெருசா, ஆறாவது ரேங்க் பெருசா என்று கேட்டிருந்தால் அவருக்கு ஒரு நொடியில் விளங்கியிருக்கும். எனக்கு வார்த்தை எப்போதும் படியிறங்கும்போதுதான் வருகிறது. வாழ்நாள் முழுக்க எழுதுகிறேன் என்று திரிந்து என்ன புண்ணியம், வேண்டிய நேரத்தில் ஒரு ரேங்க் கிடைக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் தொட்டிக்குப் புதுப் பேட்டரி வைத்தாக வேண்டும். அவன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன், மடியில் பேட்டரி. வழி முழுக்க ஆடிக் காற்று புழுதியை வாரி முகத்தில் இறைத்தது. அவன் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். பன்னிரண்டு வருடமாகத் தெரிந்த முதுகு. சட்டையின் தையல்கூடத் தெரியும். அதற்குள் இருக்கிறவன் யார் என்று தெரியவில்லை.

தொட்டிக்குக் கீழே வண்டியை நிறுத்தினான். துண்டை இடுப்பில் இறுக்கினான். முதல் படியில் கை வைத்தான். ஏறினான். நாலாவது படியில் நின்றான். அங்கேயே, கம்பியைக் கட்டிப் பிடித்து, நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டான். வெகுநேரம் நின்றான். பிறகு ஒவ்வொரு காலாகத் தடவித் தடவி இறங்கி வந்து மண்ணில் உட்கார்ந்தான். முகம் முழுக்க வேர்வை, உதடு வெளுத்திருந்தது.

"தல சுத்துது மாப்ள. பங்குனியிலேருந்து ஏற முடியல."

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. பேட்டரியை அவன் மாற்றவே இல்லை. ஏற முடியவில்லை என்று சொல்ல வெட்கம். பெட்டி தினமும் அடிக்கிற மணி, அவன் ஏறவில்லை என்பதைப் பாய்க்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தது. அதனால் மணியை நிறுத்தினான். என்னிடம் வந்து சொல்லியிருந்தால், ஒரு ஆளை ஏற்பாடு செய்திருப்பேன், பாய் காதுக்கே போயிருக்காது. ஏழாவது படியில் நடுங்குகிறவனிடம் சொல்ல என்ன வெட்கம்?

அதைத்தான் கேட்டேன். துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். சரி, மாடியில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். மண்ணைக் கையால் அளைந்துகொண்டே, நான் பொய் சொல்லலியே மாப்ள என்றான். அப்புறம், பாயிடம் சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொண்டான். வெளிவேலைக்காரன் ஏற முடியாது என்று தெரிந்தால் அவனை எதற்கு வைத்திருப்பார்கள்? ஒனக்குப் படிப்பு இருக்கு, எங்கேயும் பொழச்சுக்குவ என்றான். அவனுடைய சின்னப் பொய்க்கு என் பன்னிரண்டு வருடத்தை அவ்வளவு சுலபமாக ஈடு வைத்தான்.

பக்கத்துத் தோப்பில் தேங்காய் பறித்துக்கொண்டிருந்தவரைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். அவர் தென்னையைவிட இது லேசு என்று சொல்லிக்கொண்டே ஏறி, கயிற்றில் பேட்டரியை இழுத்துக்கொண்டார். சிவப்பு சிவப்போட, கறுப்பு கறுப்போட என்று நான் கீழிருந்து கத்தினேன். பெட்டிக்கு உயிர் வந்தது. கூட்டாளி எழுந்து வந்து அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

அலுவலகம் திரும்பியதும், எந்த நாளில் மாற்றினான் என்று தேடினேன். யார் எதை மாற்றினாலும் பெட்டி சொல்லும் என்று முதலிலேயே சொன்னேன் இல்லையா. சொல்லியிருந்தது.

*நிலை=6 நிகழ்வு=அமைப்பு_மாற்றம் பொருள்=தொட்டி_பேட்டரி பழையது=4 புதியது=6*

செய்தவர் என்ற கட்டத்தில் அவன். அனுப்பப்பட்டவர் என்ற கட்டத்தில் நான். சித்திரை மாதத்து ஒரு காலை. நான் மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க, அவன் அந்தப் பக்கம் உட்கார்ந்து மாற்றியிருக்கிறான். அந்த நொடியே எனக்குச் செய்தி வந்திருக்கிறது. அமைப்பு மாற்றங்களுக்கு ஆறு போதும் என்று முடிவு செய்தவன் நான்தான். இங்கே யார் எதை மாற்றப்போகிறார்கள், நாம் இரண்டு பேர்தானே என்று அன்று நினைத்தேன். ஆறாம் நிலைச் செய்திகளை நான் திறந்து பார்த்ததே இல்லை. சாவு வீட்டில் முதலில் கேட்பார்கள், எல்லாருக்கும் தகவல் சொல்லியாச்சா என்று. எனக்குத் தகவல் சொல்லியாகிவிட்டது. நாலு மாதமாக நான் அந்தத் தகவலின் மேல் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்திருக்கிறேன். அதிலும் பாதி அவன் வெஞ்சனம்.

மறுநாள் காலை கடிதம் எழுதாமல் மாடிக்குப் போனேன். பாயிடம் ரேங்க் கணக்கைச் சொன்னேன். ஒரு சோதனைச் செய்தியை நாலில் அனுப்பினேன், அவர் கைபேசி அடித்தது. ஆறில் அனுப்பினேன், அடிக்கவில்லை. பாய் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்ப அவன் கூட்டல, கொறச்சிருக்கான் என்றார் மெதுவாக. அவனைக் கூப்பிட்டார். இந்த முறை அவன் மறுக்கவில்லை. தலைசுற்றலை அவனே சொன்னான். சொல்லிவிட்டு, நான் எதிர்பார்க்காத ஒன்றையும் சொன்னான்: நான் மாற்றியது மாப்ளைக்கும் தகவல் போயிருக்கிறது பாய், அவர் ஒன்றும் கேட்கவில்லையே என்று. அவனுக்கு அதுவும் தெரிந்திருக்கிறது. என் எட்டு நிலையும் அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

வந்துச்சா என்று பாய் என்னைக் கேட்டார். வந்தது என்றேன். பார்க்கலையா? பார்க்கவில்லை. பாய் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு தீர்ப்பு மாதிரி இல்லாமல், சந்தைக்குச் சாமான் சொல்கிறவர்போலச் சொன்னார். மென்பொருள் இருக்கட்டும். இவன் பழனிக் கிளைக்குப் போகட்டும்; லாட்ஜுகளுக்கு இணைப்புப் பார்க்கிற வேலை, ஏற வேண்டியதில்லை. தேர்வு மையத்துக்குக் கடிதம் நான் எழுத வேண்டும். எச்சரிக்கை வரவில்லை என்று எழுத மாட்டேன் பாய் என்றேன். வந்தத வந்ததுன்னு எழுது, யாரு பாக்கலன்னும் எழுது என்றார்.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு அதுதான் பதில் என்று பட்டது. பெட்டிக்குத் தெரியும், எனக்கும் தெரியச் சொன்னது, நான் தெரிந்துகொள்ளவில்லை. அப்படியே எழுதினேன். கடைசி வரியில் அவளுக்கு மறு தேர்வு கிடைக்கச் செய்யுமாறு கேட்டேன். கிடைத்ததா என்று தெரியாது.

கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது அவன் சாமான்களை எடுக்க வந்தான். டிபன் கேரியர், ஸ்குரூடிரைவர் பை, ஒரு பழைய துண்டு. நான் தலையைத் தூக்கவில்லை. உப்பு உதிர்ந்த தரையில் அவன் செருப்பு நறநறத்தது. போகவில்லை, நின்றான்.

"நீ பாத்துருவன்னுதான் நெனச்சேன் மாப்ள. டெய்லி வந்து ஒக்காரும்போது, இன்னைக்குக் கேட்டுருவன்னு நெனப்பேன்."

அவ்வளவுதான் சொன்னான், போய்விட்டான். அவன் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

எத்தனையோ நாள் அதை வாயில் போட்டு மென்று பார்த்துவிட்டேன். பிடிபட வேண்டும் என்று காத்திருந்தானா? இல்லை, போகிற போக்கில் தன் குற்றத்தின் பாதியைக் கேரியரிலிருந்து எடுத்து என் தட்டில் வைத்துவிட்டுப் போனானா? மாடியில் என்னைப் பார்த்து அவ்வளவு நிதானமாக 'உயர்த்தினேன்' என்றவன், என்னை விரலால் சுட்டாமலே என்னைக் கீழே தள்ளியவன், நான் கேட்பேன் என்று நாலு மாதம் எதிரே உட்கார்ந்து காத்திருந்தான் என்பதை எப்படி நம்புவது? நம்பினால் என்மேல் கோபம் வருகிறது. நம்பாவிட்டால் அவன்மேல். இரண்டு கோபமும் ஆறவில்லை. இப்போது ஆறாம் நிலைச் செய்திகளை ஒன்று விடாமல் படிக்கிறேன், காலையில் வந்ததும் முதல் வேலையாக. பெட்டி சூடாக இருக்கிறது, பெட்டி ஆறிவிட்டது, கதவு திறந்தது, கதவு மூடியது. பழனிக் கிளையிலிருந்தும் வரும். செய்தவர் கட்டத்தில் அவன் பெயர் வரும்போது நின்று, எதை மாற்றினான், ஏன் மாற்றினான் என்று இரண்டு தடவை பார்க்கிறேன். இதுவரை தப்பாக எதுவும் இல்லை. கூப்பிட்டுக் கேட்டதும் இல்லை.